எடை மெஷினை எங்கே வைப்பது?

அந்த மருத்துவ முகாமில் எனக்குக் கொடுத்த வேலை பதிவேடு எழுதுவது. மொத்தம் நான்கு மேசைகள். முதல் மேசையில் பெயர், வயது, உயரம், எடை. இரண்டாவதில் ரத்த அழுத்தம். மூன்றாவதில் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பது. கடைசியில் மருத்துவர். எடை மெஷினை வாசலுக்கு நேராக, தரை மேடுபள்ளம் இல்லாத இடமாகப் பார்த்து வைத்திருந்தோம். என் நாற்காலி அங்கிருந்து ஏழெட்டு அடி தள்ளி இருந்தது. மெஷின் பக்கத்தில் நிற்கும் தன்னார்வலர் எண்ணைப் படித்துச் சத்தமாகச் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். யாரையும் நோகடிக்கச் செய்த ஏற்பாடு இல்லை. வரிசை சீக்கிரம் நகர வேண்டும், அதற்காகச் செய்தது.

காலை பத்தரை மணி இருக்கும். ஐம்பது வயதை ஒட்டிய ஒரு பெண்மணி வந்தார். செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த பையைக் கீழே வைத்தார். அப்புறம் ஒரு நொடி யோசித்து, கைக்கடிகாரத்தையும் கழற்றிப் பைக்குள் போட்டார். மெஷின்மேல் ஏறி, கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி நின்றார். சிவப்பு எண்கள் 93.6, 94.1 என்று அலைந்து 93.8இல் நின்றன. "தொண்ணூத்தி மூணு புள்ளி எட்டு!" என்று தன்னார்வலர் என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தார். வரிசையில் அவருக்குப் பின்னால் இருபது பேராவது இருந்தார்கள். அதில் யாரோ "அம்மாடி" என்றது கேட்டது. கேலியாகச் சொன்னதாகக்கூடத் தெரியவில்லை, வாய் தவறி வந்த சொல். "கொஞ்சம் வெயிட்டைக் குறைக்கப் பாருங்கம்மா, பாதி வியாதிக்கு இதுதான் காரணம்" என்று தன்னார்வலர் அக்கறையோடுதான் சொன்னார். அந்த அம்மா தலையாட்டிவிட்டு இறங்கினார். கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொள்ளவில்லை. "அடுத்த டேபிளுக்குப் போங்கம்மா" என்றேன். "ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன் தம்பி" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போனார். திரும்பி வரவில்லை.

சாயங்காலம் பதிவேட்டைச் சரிபார்க்கும்போது அந்த வரி கண்ணில் பட்டது. உயரம் 156, எடை 93.8, உடல் நிறைக் குறியீட்டெண் 38.5. அதற்கு அடுத்த மூன்று கட்டங்களும் காலி. உண்மையைக் கேட்கப் பிடிக்காமல் போய்விட்டார் என்றுதான் அப்போது நினைத்தேன். கசந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தானே வேண்டும்? அதிக எடையால் சர்க்கரை நோய் வருகிறது, முழங்கால் தேய்கிறது, தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறது. பதின்மூன்று வகைப் புற்றுநோய்களோடு அதற்குத் தொடர்பு இருப்பதாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2016இல் அறிவித்தது. இதையெல்லாம் மூடி மறைத்தால் யாருக்கு என்ன நன்மை? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அந்தக் கைக்கடிகாரம் மனதை விட்டு அகலவில்லை. ஒரு கடிகாரம் என்ன எடை இருந்துவிடும்? அதையும் கழற்றி வைக்கிறார் என்றால், அந்த மெஷின்மேல் ஏறுவதற்கு முன்பே அவர் எத்தனை பேரிடம் எத்தனை பேச்சு கேட்டிருப்பார்?

சராசரி மனிதனுக்குப் போட்ட கணக்கு

எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறைக் குறியீட்டெண் வரும். பிஎம்ஐ என்றால்தான் பலருக்குப் புரியும். அன்று முழுக்க இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்த எனக்கு, இது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. பிறகுதான் தேடிப் படித்தேன். இதன் வேர் மருத்துவத்தில் இல்லை. பெல்ஜியத்தைச் சேர்ந்த கணித அறிஞரும் வானியலாளருமான அடோல்ஃப் கெட்லே 1830களில் 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று ஆராய்ந்தார். வளர்ந்தவர்களின் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று கண்டார். அவர் தேடியது ஒரு கூட்டத்தின் நடுப்புள்ளியை. யாருக்கு என்ன நோய் வரும் என்ற கேள்வியே அவரிடம் இல்லை. நூறாண்டு கழித்து, 1940களில், ஆயுள் காப்பீட்டு நிறுவனமான மெட்ரோபாலிட்டன் லைஃப் எந்த உயரத்துக்கு எந்த எடை நல்லது என்று அட்டவணை போட்டது. யாருக்குப் பாலிசி கொடுத்தால் சீக்கிரம் பணம் கட்ட வேண்டி வரும் என்று கணிப்பது காப்பீட்டுக்காரரின் தொழில். அந்த அட்டவணைகள் மெல்ல மருத்துவர்களின் மேசைக்கும் வந்தன. 1972இல் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் குழுவினர் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 7,400க்கும் மேற்பட்ட ஆண்களை அளந்து பார்த்து, முழுத் திருப்தி தராவிட்டாலும் மற்றச் சூத்திரங்களுக்கு, உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்தக் கணக்கு குறைந்ததல்ல என்ற முடிவுக்கு வந்தார்கள். பிஎம்ஐ என்ற பெயரும் அவர்கள் வைத்ததுதான். அளந்தவர்களில் ஒரு பெண்கூட இல்லை.

அப்புறம் கோடு போடும் வேலை. எந்த எண்ணுக்கு மேல் போனால் 'அதிக எடை'? அமெரிக்காவில் 1998 வரை ஆண்களுக்கு 27.8, பெண்களுக்கு 27.3 என்று இருந்தது. அந்த ஆண்டு இருபாலருக்கும் 25 என்று இறக்கினார்கள். முந்தின நாள் சரியான எடையில் இருந்த இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல், மறுநாள் ஒரு கிராம்கூடக் கூடாமலே அதிக எடைக்காரர்கள் ஆனார்கள். 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, ஆசிய மக்களுக்கு 25 என்ற கோடு பொருந்தவில்லை, குறைந்த எடையிலேயே அவர்களுக்குச் சர்க்கரை நோயும் இதயநோயும் வருகின்றன என்று சொல்லி, 23, 27.5 என்ற புள்ளிகளையும் கவனிக்கச் சொன்னது. இங்கிலாந்தில் பதினான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2021இல் ஓர் ஆய்வு வந்தது. வெள்ளையர்களுக்குப் பிஎம்ஐ 30இல் சர்க்கரை நோய் வர எவ்வளவு வாய்ப்போ, அதே அளவு வாய்ப்பு தெற்காசியர்களுக்கு 23.9லேயே வந்துவிடுகிறது என்றது அந்த ஆய்வு. ஆறு புள்ளி வித்தியாசம். என் உயரமுள்ள ஒருவருக்கு அது பதினேழு கிலோவுக்கு மேல்.

இதையெல்லாம் படித்தபோதுகூட, கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் சரியாகிவிடும் என்ற அளவில்தான் யோசித்தேன். அதை மாற்றியது ஒரு மனிதர்.

"நிம்மதியா இருந்துட்டேன்"

முகாம் முடிந்து எட்டு மாதம் இருக்கும். உறவினர் ஒருவருக்காக ஒரு மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தேன். எதிர் நாற்காலியில் ஒல்லியான ஒருவர். வலது பாதத்தில் கட்டு, அந்தக் காலைத் தரையில் ஊன்றாமல் குதிகாலை மட்டும் வைத்திருந்தார். என்னை இரண்டு முறை பார்த்துவிட்டு, "தம்பி, அன்னைக்கு முகாம்ல எழுதிக்கிட்டு இருந்தது நீங்கதானே?" என்று கேட்டார். எனக்கு முகம் நினைவில்லை. அவருக்கு எல்லாமே நினைவிருந்தது. "எங்க அப்பாவுக்கு சுகர் உண்டு, எனக்கும் பார்க்கணுமான்னு கேட்டேன். உங்க வெயிட் கரெக்டா இருக்குங்க, தேவையில்லைன்னு சொன்னீங்க" என்றார். அப்புறம் ஒரு வார்த்தை சொன்னார், கோபமே இல்லாமல்: "அதுக்கப்புறம் நிம்மதியா இருந்துட்டேன்."

பாதத்தில் சின்னக் காயம், உணர்ச்சி இல்லாததால் கவனிக்கவில்லை, புண் ஆழமாகி ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். சர்க்கரை பல வருடமாகவே இருந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னாராம். நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. ஏதோ சொன்னேன். அவர் பெயரை அழைத்தார்கள், சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனார்.

நான் சொன்னது என் சொந்தக் கருத்து இல்லை. எங்களிடம் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் குறைவாக இருந்தது, வந்தவர்கள் அதிகம். முப்பத்தைந்து வயதைத் தாண்டி, பிஎம்ஐ 25ம் அதற்கு மேலும் இருப்பவர்களுக்கு மட்டும் ஸ்ட்ரிப் என்று காகிதத்தில் அடித்துக் கொடுத்திருந்தார்கள். யாரும் வாய்க்கு வந்தபடி எழுதிய விதியும் இல்லை. அமெரிக்க நோய்த்தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2021இல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: 35 முதல் 70 வயது வரை, அதிக எடையோ உடல்பருமனோ உள்ளவர்களுக்குச் சர்க்கரைப் பரிசோதனை. ஆனால் ரத்த உறவில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் இன்னும் சீக்கிரமே பாருங்கள், ஆசிய வம்சாவளியினருக்கு 23லேயே பாருங்கள் என்ற குறிப்புகளும் அந்தப் பரிந்துரையோடு இருக்கின்றன. நீளமான விளக்கம் ஒரு வரி விதியாகச் சுருங்கி எங்கள் கைக்கு வரும்போது அந்தக் குறிப்புகள் உதிர்ந்துவிட்டன. பெரிய அறிக்கைகள் கடைசி மேசைக்கு வந்து சேரும்போது எப்போதும் இப்படித்தான் ஆகிறது. எண் மிஞ்சுகிறது, 'ஆனால்' போய்விடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் பதிவேட்டை எடுத்தேன். அவர் வரியைத் தேடக் கொஞ்ச நேரம் ஆனது. உயரம் 168, எடை 63.8, பிஎம்ஐ 22.6. சர்க்கரைக் கட்டத்தில் என் கையெழுத்தில் ஒரு சின்னக் கோடு, தேவையில்லை என்பதற்கு. கோட்டை 23க்கு இறக்கியிருந்தாலும் அவர் வெளியேதான் நின்றிருப்பார். எட்டு வரி மேலே அந்த அம்மாவின் வரி. அங்கேயும் காலிக் கட்டங்கள். இரண்டு வரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பரிசோதனை தேவைப்பட்ட இரண்டு பேர். ஒரே மெஷின் ஒருவரை வெட்கப்பட வைத்துத் துரத்தியது, இன்னொருவரை நிம்மதிப்படுத்தி அனுப்பியது. கோடு எங்கே இருக்கிறது என்பதைவிட, அந்த மெஷினை வாசலில் காவலுக்கு நிறுத்தியதுதான் பிழை என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

எடை என்பது உடம்பின் மொத்தக் கூட்டல். அதில் எலும்பு எவ்வளவு, தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அந்தக் கொழுப்பு தொடையில் இருக்கிறதா, கல்லீரலைச் சுற்றி இருக்கிறதா என்று மெஷினுக்குத் தெரியாது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் தங்கள் இருவரையுமே அளந்து 2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படத்தோடு வெளியிட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3தான். ஒருவர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், மற்றவர் உடம்பில் 21.2 சதவீதம். கூடுதல் கொழுப்பு யாஜ்னிக்குக்கு. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காத்திருப்பு அறைதான் நினைவுக்கு வருகிறது.

ஆளைத் திருத்துவதா, சந்தையைத் திருத்துவதா

எடையைப் பேசவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் நூறு கோடிப் பேருக்கு மேல் உடல்பருமனோடு வாழ்கிறார்கள். இந்தக் கணக்கே பிஎம்ஐயை வைத்து எடுத்ததுதான். ஒரு தராசும் ஓர் அளவுகோலும் இருந்தால் எந்த மூலையிலும் எடுத்துவிடலாம் என்பதால்தான் இவ்வளவு பேரை எண்ண முடிந்தது. எடை குறைந்தால் பலன் உண்டு என்பதும் உண்மை. 2017இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில், முறையான துணையோடு எடையைக் குறைக்கும் திட்டத்தில் சேர்க்கப்பட்ட சர்க்கரை நோயாளிகளில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டில் மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஆற்றில் வெள்ளம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும் அளவுகல் மாதிரி, ஒரு சமூகத்துக்கு எடைக் கணக்கு மிகவும் வேண்டியது. ஆனால் கரையில் நிற்கும் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு 'உன்னால்தான் வெள்ளம்' என்று சொல்ல அந்த அளவுகல் உதவாது. அரசுகள் பல சமயம் செய்வது அதுதான்.

ஜப்பானில் 2008 முதல் 40 வயதிலிருந்து 74 வயது வரை உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் இடுப்பளவு எடுக்கிறார்கள். ஆண்களுக்கு 85 சென்டிமீட்டர், பெண்களுக்கு 90. அதைத் தாண்டி, கூடவே வேறு ஆபத்துகளும் இருந்தால் ஆலோசனைக்கு அழைக்கிறார்கள். 2020இல் அதன் பலனை ஆராய்ந்தவர்கள், ஆலோசனைக்கு அழைக்கப்பட்ட ஆண்களுக்கு ஓராண்டில் குறைந்தது கால் கிலோவை ஒட்டிய எடைதான், ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் மாற்றம் தெரியவில்லை என்று எழுதினார்கள். அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் 2003இல் சட்டம் போட்டு, பள்ளிப் பிள்ளைகளின் பிஎம்ஐயை எழுதி வீட்டுக்குக் கடிதம் அனுப்பினார்கள். பிறகு பல மாநிலங்களிலும் அது பரவியது. இதனால் பலன் உண்டா என்று கலிஃபோர்னியாவில் 79 பள்ளிகளில் முறையாகச் சோதித்து 2021இல் முடிவைச் சொன்னார்கள். கடிதம் போன பிள்ளைகளின் எடையில் மாற்றம் இல்லை. பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பின் மீது அதிருப்தி கூடியிருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த அதிருப்தியைக் கொடுத்து நாம் எதை வாங்கினோம்? இதை எழுதும்போதுகூட எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இதற்கு நேர்மாறானது பிரிட்டனின் குளிர்பான வரி. நூறு மில்லிலிட்டரில் 5 கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருந்தால் ஒரு வரி, 8 கிராமோ அதற்கு மேலோ போனால் கூடுதல் வரி என்று 2016இல் அறிவித்து, 2018 ஏப்ரலில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு ஆண்டு அவகாசம் கிடைத்ததும் நிறுவனங்கள் தாங்களாகவே கலவையை மாற்றிக்கொண்டன. 2015க்கும் 2019க்கும் இடையில், அந்த வரிக்குள் வரும் பானங்களின் சராசரிச் சர்க்கரை அளவு 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. இதற்காக எந்தக் குடிமகனும் மெஷின்மேல் ஏறவில்லை, யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. சிலி 2016இல், சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த பொட்டலங்களின் முகப்பில் எண்கோண வடிவக் கறுப்பு முத்திரையைக் கட்டாயமாக்கியது. முத்திரை விழுந்த பொருள்களைப் பள்ளியில் விற்கவும் தடை போட்டது. முத்திரை பொட்டலத்தின் மேல் விழுகிறது, பிள்ளையின் மேல் விழவில்லை. எடையைக் கருதிப் போடும் கொள்கை என்றால் எனக்கு இந்த வகைதான் நியாயமாகப் படுகிறது.

மருத்துவமனைக்குள் இந்தக் கோடுகள் செய்யும் வேலை வேறு. இங்கிலாந்தில் சில பகுதிகளில், பிஎம்ஐ இவ்வளவுக்குக் கீழே வந்தால்தான் முழங்கால் மாற்று அறுவை என்று விதி வைத்திருந்தார்கள். வலியில் நடக்க முடியாதவரிடம், நடந்து எடையைக் குறைத்துவிட்டு வா என்பது என்ன வைத்தியம்? அந்நாட்டின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், அதிக எடையைக் காரணம் காட்டி யாரையும் அறுவைக்கு அனுப்பாமல் இருக்கக் கூடாது என்று 2022இல் தெளிவாகச் சொல்ல வேண்டி வந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கமும், பிஎம்ஐயைத் தனித்து நம்பாதீர்கள் என்றது. 2025 ஜனவரியில் லான்செட் குழு ஒன்று இன்னும் ஒரு படி போய், கொழுப்பால் உறுப்புகள் பாதிக்கப்பட்டவர்களை நோயாளிகள் என்றும், கொழுப்பு இருந்தும் உறுப்புகள் நன்றாக இயங்குபவர்களை நோய்க்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் என்றும் பிரித்தது. இடுப்பைச் சுற்றி டேப் வைத்துப் பாருங்கள், ரத்தத்தைப் பாருங்கள், மூச்சு வாங்குகிறதா என்று கேளுங்கள் என்பதுதான் சுருக்கம். படித்தபோது, இதைக் கேட்கத்தானே மருத்துவர் இருக்கிறார் என்று தோன்றியது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அந்த அம்மா இரண்டாவது மேசைக்கு வந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? எங்களிடம் இருந்த ரத்த அழுத்தக் கருவிக்கு ஒரே ஒரு கைப்பட்டைதான், நடுத்தர அளவு. பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவருக்கு வழக்கமான பட்டையைக் கட்டினால் மேல் எண் கிட்டத்தட்ட 20 புள்ளி கூடிப்போகிறது என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. 125 இருப்பவருக்கு 145 என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்போம். உங்கள் எடைதான் பிரச்சினை என்று சொல்ல எங்களிடம் மெஷின் இருந்தது. அவருடைய கைக்குப் பொருந்தும் பட்டை இல்லை.

அடுத்த முகாமுக்கு நான் சில காரியங்களைக் கேட்டு வாங்கினேன். எடை மெஷின் கடைசி மேசைக்குப் போனது, சுற்றிலும் ஒரு துணித் திரை. எண்ணை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சீட்டில் எழுதி மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். ஒரு பெரிய கைப்பட்டை இரவல் கிடைத்தது. முதல் மேசையில் எடைக்குப் பதிலாகக் கேள்விகள்: அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா, ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள், காலில் மரமரப்பு இருக்கிறதா, ஆறாத புண் இருக்கிறதா. ஸ்ட்ரிப் அப்போதும் குறைவுதான். அந்தப் பதில்களை வைத்துத்தான் பங்கிட்டோம். வரிசை மெதுவாக நகர்ந்தது, அதற்காக ஏச்சும் கேட்டேன்.

பழைய பதிவேட்டில் அந்த அம்மாவின் தொலைபேசி எண் இருந்தது. இரண்டு முறை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். முகாமுக்கு முந்தின நாள் மூன்றாம் முறையாக எடுத்தபோது அழைத்தேவிட்டேன். யார் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிரஷரும் சுகரும் மட்டும் பார்த்துக்கொண்டு போகலாம், பெரிய பட்டை வாங்கி வைத்திருக்கிறோம் என்றேன்.

"வெயிட் பார்ப்பீங்களா தம்பி?"

"நீங்க வேண்டாம்னா வேண்டாம்மா."

"பார்க்கலாம்" என்றார்.

வருவதைப் பற்றிச் சொன்னாரா, எடையைப் பற்றிச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முதல் மேசையில், பெரிய பட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.